காரணம்: விஷச்செடி

தில்லைப் பால் பட்டதென்றால்
பார்த்ததும் சொல்லிவிடுவேன்.
சொட்டு விழுந்த இடத்தில் கொப்புளம்,
அது வழிந்த வழியெல்லாம் கொப்புளம்,
முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு
குழந்தை கிறுக்கிய ஆறு மாதிரி.
கண்ணில் தெறித்திருந்தால் மருந்தே எடுப்பதில்லை.
ஆட்டோ பிடித்து, எழும்பூர்.

சாம்பல் தண்ணீர் வேறு.
அது ஸ்கேல் வைத்துக் கோடு போடும்.
எந்த மட்டம் வரை நின்றார்களோ
அந்த மட்டம் வரை சிவப்பு.
அதற்கு மேலே
அவரவர் தோல்.

கத்திவாக்கத்தில் இருபத்திரண்டு வருசமாகக் கடை.
இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள
எனக்கு வழியில்லை.

குழாய் உடைந்த இடத்தில் சேறு அள்ளப் போன
ஏழு பேரையும் வேனில் கூட்டிவந்தார்கள்.
வேம்புலிக்கு மார்பு வரை கோடு.
குள்ளமான ஆள்.
கூட வந்த கான்ட்ராக்டர் பையனிடம்
ஏழு படிவம், புது பேனா.
"காரணம்" என்ற கட்டத்தில்
ஏற்கெனவே டைப் அடித்திருந்தது:
விஷச்செடி.

"அங்க தில்லை நிக்குதா?" என்று
வேம்புலியைத்தான் கேட்டேன்.
சிரித்தான். சிரித்ததில் கோடு இழுத்து, முகம் சுளித்தான்.
"அங்க ஏதுண்ணே மரம்?
போன பொங்கலுக்கே புல்டோசர் வுட்டு
மட்டமாக்கிட்டாங்களே."

பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
வேன் இன்ஜினை நிறுத்தவில்லை.
சீல் குத்தினால்தான் மருந்துக் காசு வரும் என்றான்.
வரவேண்டிய பாக்கி வேறு
மூணு மாசமாக நிற்கிறது.

குத்தினேன்.
ஏழு முறை. மூன்றாவதில் மை தீர்ந்து
வாயால் ஊதி ஊதிக் குத்தினேன்.
ஏழு கேலமைன், ஏழு அட்டை மாத்திரை.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.
வண்டியை ஆற்றுப் பாலத்துக்குக் கீழே நிறுத்தி
சேற்றில் இறங்கினேன்.
தேடித்தான் கிடைத்தது, ஒன்றே ஒன்று.
பழுத்த இலை குங்குமமாய்,
பூவில் தேனீ.
வந்தவன் யாரென்று கேட்காமல்
நின்றுகொண்டிருந்தது.

ஒரு கொழுந்தைக் கிள்ளினேன்.
பால் வந்தது, அவ்வளவு வெள்ளை.
சீல் குத்துகிற கையை நீட்டினேன்.

ராத்திரி எரிச்சலில் தூக்கம் வரவில்லை.
விடிந்து பார்த்தால்
மணிக்கட்டில் ஒரு கொப்புளம்,
கீழே வழிந்த சின்ன ஆறு.

அந்த வாரம் எங்கள் பக்கத்தில்
தோல் வெந்தவர்கள் எட்டுப் பேர்.
தில்லை தொட்டது
ஒருவனை.