நாற்பதுக்கு ஒன்று

ஹென்னூர் தாண்டி, தார் முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில்
பெள்ளியப்பாவின் தகரக் கொட்டகை.
உள்ளே இரண்டு நிற்கின்றன.
நூற்றிருபத்தைந்து ஒன்று, இருநூற்றைம்பது ஒன்று.
இரண்டுக்கும் விளக்கு இல்லை, நம்பர் பிளேட் இல்லை,
சாவிகூட இல்லை.
சாவி இல்லாத வண்டியை எப்படிப் பூட்டுவது என்று கேட்டேன்.
செலின் பார்த்த பார்வையில்
அடுத்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன்.

அவளுக்குப் பதினாறு. எட்டு வயதிலிருந்து ஓட்டுகிறாள்.
இடது காறை எலும்பு ஒருமுறை,
வலது மணிக்கட்டு ஒருமுறை.
இரண்டு எக்ஸ்ரேயும் நான்தான் எடுத்தேன்.
மூச்சை இழுத்துப் பிடி, அசையாதே, விடு.
வரிசையில் நிற்கும் யாருக்கும் சொல்வதைத்தான்
அவளுக்கும் சொன்னேன்.
அசைந்தது நான்.
மணிக்கட்டை இரண்டாவது தடவை எடுக்கவேண்டி வந்தது.

வரும்போதே முடிவோடு வந்திருந்தேன்:
சின்னது போதும். சின்னது சாது.
பெள்ளியப்பா சிரித்தார்.
"அக்கா, சின்னதுதான் வாயாடி."

பெரியதுக்கு அடியிலேயே பலமாம்,
கையைச் சற்று முறுக்கினால்
மேடு தானே வந்து சக்கரத்தின் கீழ் படுக்குமாம்.
சின்னதில் பாதிவரைக்கும் ஒன்றுமில்லை,
வெறும் இருமல்.
அப்புறம் ஓர் இடத்தில்
திடீரென்று எல்லாமே இருக்கிறது.
அந்த இடத்தைவிட்டு இறங்காமல்
கிளட்சில் எந்நேரமும் இரண்டு விரல்,
பொங்கப்போகும் பாலைப்
பொங்கவிடாமல், அணைக்காமல்
விளிம்பிலேயே நிறுத்தி வைப்பதுபோல.

செலின் இதையெல்லாம் கேட்கவில்லை.
குந்தி உட்கார்ந்து
சின்னதின் புகைக்குழாயைக் கழற்றி
உள்ளே டார்ச் அடித்தாள்.
பிஸ்டனில் மேலிருந்து கீழாக ஒரு கோடு.
"ஒருதடவ சூடேறிப் பிடிச்சிருக்கு" என்றாள்.
எனக்கும் தெரிந்தது.
இருபது வருஷமாகக் கோடு பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்.
பதினைந்தாயிரம் குறையுங்கள் என்றேன், கன்னடத்தில்.

பெரியதில் மூன்று சுற்று போனாள்.
திரும்பியபோது மூச்சுகூட வாங்கவில்லை.
சின்னதில் மூன்று சுற்று.
இரண்டாவதில், மரத்தடி வளைவில், விழுந்தாள்.
நான் ஓடவில்லை. ஓடக்கூடாது என்பது ஒப்பந்தம்.
ஹெல்மெட்டுக்குள் பல் முழுக்க மண்.
"பெருசு நான் பண்ற தப்பை எல்லாம்
மூடி மறைக்குது மம்மி.
எனக்கு அது வேணாம்."

அதுக்கு மேல் என்ன பேசுவது.
என்னை ஒருதரம் உதைக்க விடு என்றேன்.
உதைத்தேன். அது திருப்பி உதைத்தது.
சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி.
நாலாவது உதையில் கொட்டகை முழுக்க
நீலப் புகையும்
ஒரு டப்பா ஆணியைக் குலுக்குகிற சத்தமும்.
பெள்ளியப்பா கைதட்டினார்.
கெண்டைக்காலில் அந்த நீலம்
ஒரு வாரம் இருந்தது.

குட்டியானையில் ஏற்றி
லிங்கராஜபுரம் மேம்பாலம் வழியாகக் கொண்டுவந்தோம்.
தோஹாவிலிருந்து அவள் அப்பா கேட்டார்,
எவ்வளவு?
பாதி சொன்னேன்.

புது பிஸ்டன் வர பதினோரு நாள்.
அது வந்த அன்று ராத்திரி,
கார் நிறுத்தும் இடத்தில், பெட்ரோல் கேனோடு நாங்கள்.
லிட்டருக்கு இருபத்தைந்து மில்லி எண்ணெய்.
குறைந்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்,
கூடினால் புகைந்து பிளக் அடைக்கும்.
அளவுக் கோப்பையைத் தொலைத்திருந்தாள்.
ஆஸ்பத்திரியிலிருந்து
ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு கொண்டுவந்திருந்தேன்.
எண்ணெய் மெதுவாக ஏறியது.
"சரியா கோட்டுல நிறுத்து மம்மி, ஒரு சொட்டு கூடக் கூடாது."
கோட்டில் நிறுத்தினேன், காட்டினேன், ஊற்றினேன்.

மூடியைத் தேட அவள் திரும்பினாள்.
இன்னும் ஒரு மில்லி.