நடு இடம்

கம்பத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் ஜீப்பில்
பதினாலு பேர்.
எட்டுப் பேருக்குச் செய்த வண்டி.
இருட்டோடு கிளம்பினால்தான்
ஏழு மணிக்கு வண்டன்மேட்டில்
ஏலச்செடிக்குள் குனிய முடியும்.

ஓரத்தில் இருப்பவளுக்கு வளைவுக்கு வளைவு
கம்பி விலாவில் இடிக்கும்.
நடுவில் இருப்பவளை
இரண்டு பக்கமும் உடம்புகள் தாங்கும்.
முந்தின ராத்திரி அடி வாங்கியவளுக்கு
நடு இடம்.
யாரும் வைத்த சட்டம் இல்லை.
ஏறும்போது எந்தக் கையை ஊன்றுகிறாள் என்று பார்ப்பாள் ஒச்சம்மா.
‘தள்ளிக்கோங்கடி’ என்பாள்.
அவ்வளவுதான்.

முதல் நாளே எனக்கு அதைக் கொடுத்தார்கள்.
வாசப்படி தடுக்கி விழுந்த கதையை
ஒருத்தியும் கேட்கவில்லை.
கொஞ்சம் கோபம்கூட வந்தது.
விடிய விடிய ஜோடித்த பொய்.

என் செல்லில்
ஒச்சம்மா: கேஸ் புக்கிங்.
ஜக்கம்மா: ரேஷன் கடை.
தோட்டத்தில் காய் எடை போடும் ஏலிக்குட்டி: கரண்ட் ஆபீஸ்.
அவன் நோண்டிப் பார்த்தால்
அடக்கமான ஒரு குடும்பத்தின் போன்.

ரெண்டு மிஸ்டு கால் என்றால்
உயிரோடு இருக்கிறேன்.
மூன்று என்றால், வா.

பவுன்தாய் மூன்று கொடுத்தது
ஐப்பசி அடைமழையில், மூன்றரை மணிக்கு.
டிரைவர் லைட்டை அணைத்து
தெரு இறக்கத்தில் வண்டியைச் சும்மா உருட்டினான்.
தோளில் தூங்கும் பிள்ளை.
கட்டைப்பையில் ஆதார், பிள்ளையின் டி.சி.,
ஒரு இட்லிக்குண்டா.
‘இது எதுக்குடி?’
‘என் காசுல வாங்குனது.’

செக்போஸ்ட்டில் டார்ச் அடித்து
‘எத்தர ஆளுண்டு?’ என்றார் போலீஸ்காரர்.
பதினாலு என்றோம்,
சாக்குக்கு அடியில் இருந்ததைச் சேர்க்காமல்.

சாயங்காலம் பதிமூணு பேர் இறங்கினோம்.
அவள் புருஷன் சிக்னலோரம் நின்றிருந்தான்,
தேய்த்த சட்டையில்.
அழுதும் இருந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.
ஒவ்வொருத்தியாக நிறுத்திக் கேட்டான்.
‘இன்னைக்கு ஏறவே இல்லையேப்பா’
‘காய்ச்சலோ என்னமோ’
‘நானும் ஒன்கிட்டக் கேக்கணும்னு இருந்தேன்.’
ஜக்கம்மா மட்டும் தெலுங்கில் ஏதோ சொன்னாள்.
அது அவனுக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம் எந்த ஊர், எந்த வீடு,
எனக்குத் தெரியாது.
தெரியாமல் இருப்பது என் பங்கு.

மூன்றாம் நாள் ராத்திரி
கரண்ட் ஆபீசிலிருந்து ரெண்டு மிஸ்டு கால்.
பாயில் புரண்டு
‘இந்நேரத்துல என்னவாம்?’ என்றான் என் வீட்டில் இருப்பவன்.
‘கரண்ட் வந்துருச்சாம்’ என்றேன்.
அவன் எழுந்து
எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.

விடிய இன்னும் நேரம் இருக்கிறது.
நாளைக்கு ஜீப்பில் எனக்கு எந்த இடம் என்பது
இன்னும் முடிவாகவில்லை.