நான்காவது வரி

செப்டம்பர் முப்பது, சனிக்கிழமை.
சாட்ஸ்வொர்த் காவல் நிலைய முன்கூடம்.
அடையாள அட்டை தொலைத்தவர்கள்,
நேற்றிரவு அடிபட்டவன்,
அடித்தவனின் அம்மா,
நடுவே பள்ளிச் சீருடையில் ஒருத்தி.
சனிக்கிழமை எதற்குச் சீருடை என்றேன்.
நல்ல துணி இதுதான் என்றாள்.

பெயர் கெர்ஷ்னி படையாட்சி.
கிராஸ்மோர் அடுக்ககம், மூன்றாம் மாடி.
கணக்கில் தொண்ணூற்று நாலு;
அதைக் கேட்காமலே சொன்னாள்.
கேட்டதற்குத்தான் தயங்கினாள்.

பல்கலைக்கழகம் கட்டணம் கேட்கிறது.
உதவித்தொகை வருமானம் கேட்கிறது.
வருமானம் இல்லையென்றால்
இல்லை என்பதற்கு ஒரு சத்தியக் கடிதம்.
இருப்பவனுக்குச் சம்பளச் சீட்டு,
இல்லாதவனுக்கு நான்.

கோடு போட்ட தாளில் நாலு வரி எழுதி வந்திருந்தாள்.
அம்மா வாரம் இரண்டு நாள்
பைன்டவுனில் துணி தேய்க்கிறாள்,
தம்பிகள் இருவர்,
வேறு வரவு இல்லை.
நான்காவது:
என் தந்தை எங்கிருக்கிறார் என்று தெரியாது.

எனக்குத் தெரியும்.
வெள்ளிக்கிழமை விடியும்வரை
இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தார்.
வாந்தியைக் கழுவியது நான்.
பெல்ட்டையும் செருப்பையும்
கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்ததும் நான்.
அதே குடும்பப் பெயர். அதே தூக்கிய முன்பல்.

முத்திரைக்கு முன் மூன்று கேள்வி கேட்கவேண்டும்.
எழுதியது விளங்குகிறதா?
சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா?
இது உன் மனச்சாட்சியைக் கட்டுமா?
நாளைக்கு நாற்பது தடவை கேட்கிறேன்,
ரொட்டிக் கடையில்
வெள்ளையா பழுப்பா என்பதுபோல.
அன்று மூன்றாவதில் நாக்கு நின்றது.
அவள் கண் மேசையைவிட்டு எழவில்லை.

மணி இரண்டு நாற்பது.
மூன்றரைக்கு நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள்;
இலவச இணையம் அங்கேதான்.
விண்ணப்பம் இன்றோடு சரி.

நான்காவது வரியில் கோடிழுத்தேன்.
இருக்கிறார், எதுவும் தருவதில்லை,
அப்படி எழுது என்றேன்.
இது போதுமா அவர்களுக்கு?
தெரியாது. ஆனால் இது நிற்கும்.

எழுதினாள்.
‘எதுவும்’ வந்ததும் பேனா நின்றது.
“எட்டாம் வகுப்பில்
ஒரு கால்குலேட்டர் வாங்கித் தந்தார்.”
வரிசையில் யாரோ இருமினார்கள்.
யோசித்து,
‘பணமாக எதுவும்’ என்று திருத்திக்கொண்டாள்.

திருத்தத்தின் ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம்.
மை காய்ந்திருந்தது. ஊதி ஊதி எடுத்தேன்.
“அக்கா, முத்திரையில் நேற்றைய தேதி.”
சக்கரத்தை ஒரு பல் தள்ளி அழுத்தினேன்.
தாளை மடிக்காமல்
நெஞ்சோடு பிடித்து ஓடினாள்.
வெளியே டாக்சிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

இடம் கிடைத்ததா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.
சொல்லவேண்டிய ஆளும் நான் இல்லை.

அடுத்த ஆகஸ்டில் ஒரு பையன் வந்தான்,
வெல்பெடாக்டிலிருந்து, லுங்கெலோ.
கெர்ஷ்னி உங்களிடம் போகச் சொன்னாள் என்றான்.
கோடு போட்ட தாள்.
மூன்று வரி எழுதி,
நான்காவதற்கு இடம் விட்டிருந்தான்.