எட்டு நிமிடம்

துவாஸில் ஒரு கொள்கலன் கிடங்கு.
லாரி வாசலுக்குள் வந்ததும்
எங்கள் மென்பொருள் அதற்கு இடம் சொல்லும்.
சொல்வதற்கு முன்
எட்டு நிமிடம் சும்மா இருக்கும்.

ஏன் என்று யாருக்கும் தெரியாது.
ஓட்டுநர்களுக்கு அது ஒரு சிகரெட்.
கணக்குப் பிரிவுக்கு 'இயல்பான தாமதம்'.
சேர்ந்த மூன்றாம் நாள் நான் கேட்டேன்.
ஹுய் லிங் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"அதை மட்டும் தொடாதே லா."

தொட்டேன்.
நாலாயிரம் வரிகளுக்கு நடுவில் ஒரு மாறி.
பெயர் டெம்ப்2.
டெம்ப்1 எங்கே போனதோ.
மதிப்பு நானூற்று எண்பது விநாடி.
பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: 'ஏழுக்காக'.
எழுதியவர் ஃபிர்தவுஸ்,
பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை,
மாலை 6:52.

ஏழு மணிக்காகவா?
ஏழாம் வாசலுக்காகவா?
ஏழரை என்று எழுத வந்தவர்
அரையைப் போடுவதற்குள் பேருந்து வந்துவிட்டதா?

ஃபிர்தவுஸ் இப்போது தோ பாயோவில்
மீன்தொட்டி விற்கிறாராம்.
எண் வாங்கிக் கேட்டேன்.
இரவு பதினொன்றுக்குக் குரல் பதிவு வந்தது,
பின்னால் தண்ணீர் குமிழியிடும் சத்தத்தோடு:
"ஏழாம் நம்பர் பாரந்தூக்கி.
மழை பெய்தால் பிரேக் வழுக்கும்,
காய எட்டு நிமிடம்.
அடுத்த வாரமே எடுத்துவிடலாம் என்றிருந்தேன்.
இன்னுமா இருக்கிறது?"

மறுநாள் தலைக்கவசத்தோடு தளத்துக்குப் போனேன்.
ஆறு நின்றது. அதற்கடுத்து எட்டு நின்றது.
ஏழைப் பழைய இரும்புக்குப் போட்டு
ஒன்பது வருடமாம்.
அது நின்ற பள்ளத்தில் மழைநீர்.
ஒரு மைனா குளித்துக்கொண்டிருந்தது.

நிரலுக்குச் சாவுச் செய்தி சொல்ல
ஒருவரும் போகவில்லை.
வெயிலிலும் மழையிலும்
ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி வைத்து
அது காத்திருந்தது,
இல்லாத ஒன்றின் பிரேக் காயட்டும் என்று.

அழிக்க ஒரு விநாடி போதும்.
அழிக்கலாம் என்று நம்ப
எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.
முப்பத்தொரு பொய் லாரிகளைச் செய்தேன்.
நனைந்து வருவது, காலியாக வருவது,
எண் தப்பாக வருவது,
ஒரே நொடியில் இரண்டாக வருவது.
எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு
ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்துக்கு,
எல்லோரும் கோப்பி குடித்து விழித்திருக்கையில்,
திரும்பும் வழியைத் திறந்து வைத்துக்கொண்டு
ஒரே ஒரு வாசலில் மட்டும் விட்டோம்.

லாரி வந்தது. போனது.
அவ்வளவுதான்.
கைதட்டல் இல்லை.
ஓட்டுநர் ஒருவர் மட்டும் புகார் கொடுத்தார்,
பற்றவைக்கக்கூட நேரம் தருவதில்லை என்று.

இதோடு முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர்.

அந்த வெள்ளிக்கிழமையே மழை.
நான்காம் வாசல் கேமரா
ஈரப் பலகையில் எட்டை மூன்று என்று படித்தது.
வாசலில் பதினாறு லாரி, தொலைபேசியில் மேலாளர்.
ஆறு வரியில் ஒட்டுப்போட்டேன்.
மாறிக்குப் பெயர் வைக்கும் இடத்தில்
விரல் தானாகவே அடித்தது:
டெம்ப்3.

மணி 6:49.
கம்பெனிப் பேருந்து ஏழுக்கு.

அழித்தேன். முழுசாக எழுதினேன்:
'நான்காம் வாசல் கேமரா ஈரத்தில் எட்டை மூன்றாகப் படிக்கிறது.
புதுக் கேமரா மார்ச்சில் வருவதாகச் சொல்கிறார்கள்.
வந்ததும் இந்த ஆறு வரியை எடுத்துவிடுங்கள்.
மழை நாளில் மட்டும் வேலை செய்யும்.
சரிபார்க்கும் சோதனை கீழே இருக்கிறது.
புரியாவிட்டால் கூப்பிடுங்கள்,
வேலையை விட்டுப் போயிருந்தாலும்.
– எழிலரசி'

ஹுய் லிங் எட்டிப் பார்த்தாள்.
"குறிப்பு நிரலைவிட நீளம்."
ஆமாம் என்றேன்.
கடைசி வரியில் அவள் ஓர் எழுத்துப்பிழை காட்டினாள்.
திருத்தினேன்.

கீழே வந்தபோது பேருந்து போயிருந்தது.
சாலையோர நிறுத்தத்தில்
அடுத்தது பதினேழு நிமிடம்.
நான் புகைப்பதுமில்லை.