முப்பத்தெட்டு

வெறும் திரையோடுதான் தொடங்கவேண்டும் என்பது
எனக்கு நானே போட்ட சட்டம்.
மாங்குளத்தில், சங்கத்தின் பழைய நெற்களஞ்சியத்தில்,
வெள்ளைத் துணியில் ஒரு கோடு மின்னி மின்னி அணைகிறது.
அறுபது கதிரை. நாற்பத்தொரு பேர்.
முன்வரிசைப் பெடியள்
படம் போடப்போறாங்கள் என்று வந்தவர்கள்.

சஜீபன் ஸ்பீக்கர்களை அடுக்கிவிட்டு
"பாட்டு எங்க அக்கா, பென்ட்ரைவில இருக்கோ?" என்கிறான்.
இல்லை. இன்னும் எழுதவில்லை.
அவன் முகத்தில்
முற்பணம் வாங்காமல் வந்த ஒருவனின் கவலை.

எழுதுகிறேன்:
எட்டு இடத்தில் ஐந்து அடி.
கணினி அதைத் தன்பாட்டில் பங்கிடுகிறது,
ஐந்து பிள்ளைகளை எட்டுக் கதிரையில் இருத்துவதுபோல.
இடைவெளிகள் சமமில்லை. ஆனாலும் நீதி.
ஒட்டிசுட்டான் ரோட்டில் போனகிழமை பதிந்த
லாண்ட்மாஸ்டரின் இருமல்
அந்த ஐந்திலும் விழுகிறது.
ஒருவர் சிரிக்கிறார்: "உது எங்கட மிசின்!"
பாதியாக வெட்டுகிறேன், தலைகீழாக ஓட விடுகிறேன்.
புகையைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு
அது வயலுக்குப் பின்பக்கமாகப் போகிறது.

எல்லாம் தெரியும். அதுதான் இந்தக் கலையின் வெட்கம்.
மிருதங்கக்காரரின் தயக்கம் விரலுக்குள்ளேயே இருந்துவிடும்.
என்னுடையது பத்தடி உயரத்தில், எழுத்தெழுத்தாக;
அழிப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு, சிவப்பு வரி.
பழைய சுற்றே சுற்றுகிறது,
புதிதாய் எழுதியதைக் கணினி ஏற்கவில்லை.
தேடுகிறேன். கழுத்தில் வியர்வை.
எங்கிருந்தோ ஒரு பள்ளிக்கூடக் குரல்:
"மூண்டாவது வரியில அடைப்பு மூடேல்லை!"
மூடுகிறேன்.
கைதட்டல் அந்த அடைப்புக்குத்தான், எனக்கில்லை.
அதன்பிறகு அவர்கள் இசையைக் கேட்கவில்லை,
வாசித்தார்கள்.

கீழே ஒரு தளம் வேண்டும் என்று தோன்றியது.
முப்பத்தெட்டு என்று எழுதினேன்.
செக்கனுக்கு முப்பத்தெட்டு அதிர்வு,
காதுக்கு முன் கதிரைக்கால் கேட்கும்.
கடைசி வரிசையில்
திறப்புக்கோர்வையோடு இருந்த ஜெயசோதி அக்கா
சட்டென்று கூரையை அண்ணாந்து பார்த்தா.

இந்தப் பக்கத்தில் யாரும் அண்ணாந்து பார்த்தால்
காரணம் கேட்கவேண்டியதில்லை என்று
எனக்கு ஓர் எண்ணம்.
முப்பத்தெட்டை அழித்தேன். தொண்ணூறு.
அதையும் அழித்தேன். நூற்றெண்பது.
நாற்பத்தொரு பேர் பார்த்திருக்க
ஓர் இலக்கம் மன்னிப்புக் கேட்டது.
மிச்ச நேரம் முழுக்க மேலேயே திரிந்தேன்,
நிலத்தில் கால் வைக்காமல்.
நடுவில் ரயில் போனது. அதன் ஊதலுக்கு
அரைச்சுருதி தள்ளி நின்றேன். இருக்கட்டும் என்று விட்டேன்.

ஒரே கட்டளை, எல்லாம் ஓய்ந்தது.
சேமிக்கவா என்றது கணினி. வேண்டாம் என்றேன்.

சஜீபன் வயர் சுற்றும்போது அக்கா வந்தா.
"அந்த நம்பரை ஏன் பிள்ளை மாத்தினனீ?"
"நீங்கள் மேல பார்த்தியள்..."
"தகரத்தையெல்லோ பார்த்தனான்!
எங்கயோ ஆணி கழண்டு கிடக்கு, மாரியில ஒழுகுது.
ரெண்டு வருசமாச் சொல்லுறன்.
ஏறிப் பாக்கிறவங்கள் ஒண்டுமில்லை எண்டு இறங்கிறாங்கள்.
நீ அதைப் போட்டவுடன அது கதைச்சது.
ஒருக்காத் திரும்பப் போடு."

சஜீபன் எதையோ முணுமுணுத்தபடி வயரை அவிழ்த்தான்.
வெறும் திரை. ஒரே வரி.
அக்கா டோர்ச்சோடு கதிரைகளுக்கிடையில் நடந்தா,
முகம் கூரையில், திறப்புகள் இடுப்பில்.
"கொஞ்சம் கூட்டிப் பார்."
நாற்பது.
"இல்லை, முந்தினதுதான் சரி."
முப்பத்தெட்டு.

வடக்குச் சுவரிலிருந்து ஆறாவது தகரம்
குளிர்காய்ச்சல்காரனின் பற்கள் மாதிரி அடித்துக்கொண்டது.
வெளிச்சம் அங்கே நின்றது.
"நிப்பாட்டாத," என்றா, ஏணிக்குக் கை காட்டியபடி.
நான் நிறுத்தவில்லை.
முதலில் அண்ணாந்தது ஆணிக்குத்தானா என்று
கேட்கவுமில்லை.