இருபத்தொன்பது அங்குலம்

சுவரோடு முதுகை ஒட்டி
கால்களுக்கிடையே கணக்கு நோட்டைச் செருகி
பென்சிலால் ஒரு கோடு.
தரையிலிருந்து இருபத்தொன்பது அங்குலம்.
நாற்பத்து மூன்று வயதில்
இந்த அளவை யாருக்கும் நான் தந்ததில்லை,
தையல் கடை செண்பகத்துக்குக்கூட.

முப்பத்து மூன்றரை என்கிறது
மலைக்குப் போகிற வண்டியின் காகிதம்.
முப்பத்தொன்று என்கிறது
சாலையைப் பார்த்துக் குனிகிற வண்டியின் காகிதம்.
மிச்சத்தைக் குதிகால் பார்த்துக்கும் மேடம்
என்கிறான் புதுச்சேரி ஷோரூம் ஜூலியன்.
அவன் ஆறடி.

குனிகிற வண்டியை முதலில் ஓட்டினேன்.
காலாப்பட்டு வரை அறுபதில் கொட்டாவி விட்டது.
நூற்றுப் பத்தில் விழித்துக்கொண்டது.
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
எனக்கென்று ஒரு சிறிய, காற்றில்லாத அறை.
மரக்காணம் உப்பளங்கள்
ஒற்றை வெள்ளைக் கோடாக ஓடி முடிந்தன.
எதைப் பார்த்தாய் என்றால் மீட்டரைப் பார்த்தேன்.
எப்படி இருந்தது என்றால்,
அதை மட்டும் கேட்காதீர்கள்.

உயரமானதை தேசிங்கிடம் இரவல் வாங்கினேன்.
ஆய்வகத்தில் எனக்கு அடுத்த ஷிப்ட்.
பெயரைக் காப்பாற்றத்தான்
இந்தக் குதிரையை வாங்கினான் என்று கேன்டீனில் பேச்சு.

தாழங்குடா முகத்துவாரம் வரை சமர்த்தாக வந்தது.
மணல் தொடங்கிய இடத்தில் நிறுத்தினேன்.
இடது கால் தரையைத் தேடிப் போனது.
தரை இரண்டரை அங்குலம் தள்ளி இருந்தது.
விழுந்தது என்று சொல்ல முடியாது,
படுத்தது,
மதியம் சாப்பிட்டவர் படுப்பதுபோல நிதானமாக.

இருநூற்றிருபது கிலோ.
வலையை அப்படியே போட்டுவிட்டு மூன்று பேர் வந்தார்கள்.
ஏலேலோ இல்லாமலே தூக்கி நிறுத்தினார்கள்.
ஒருவர் கண்ணாடியில் ஒட்டிய மணலைத் துடைத்தபடி,
எதுக்கும்மா இவ்ளோ உசரம்,
வெள்ளத்துல போகவா, என்றார்.

சிரித்தேன்.
பெரியகுப்பம் போவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்,
லடாக் போகப் போவதில்லை. லீவு கிடையாது.
மஞ்சக்குப்பத்திலிருந்து சிப்காட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
அதில் ஏழு நல்ல தார்.
மூன்று, லாரிகள் தின்றது போக மீந்த தார்.
இரண்டு, ஒவ்வொரு டிசம்பரிலும்
தார் இருந்ததாக நம்பப்படுவது.
கெடிலம் ஏறி வந்த வருஷம்
சைலன்சருக்குள் தண்ணீர் போன ஸ்கூட்டரை
இரவு ஷிப்ட் முடித்து
இடுப்பளவில் தள்ளிக்கொண்டு வந்தவள் நான்.
முகத்துவாரத்துக்காரர் தெரியாமல் கேட்கவில்லை.

தேசிங்கு ஒரு வித்தை சொல்லித் தந்தான்.
எதுக்குக்கா ரெண்டு காலும்?
ஒரு பக்கம் சரிஞ்சு உட்காருங்க, ஒரு கால் முழுசா ஊனும்.
மைதானத்தில் விடியுமுன் இருபது முறை நிறுத்தினேன்.
நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள்
வண்டி ரிப்பேர் என்று நினைத்து
இரக்கப்பட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை உயரமானதுக்கு முன்பணம் கட்டினேன்.
இருக்கையைத் தாழ்த்தித் தரவா என்றான் ஜூலியன்.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
ரசீது கைப்பையில் இருக்கிறது.
சரியான முடிவு. யாரிடமும் விளக்க முடியும்.
மேனேஜரிடம்கூட விளக்கிவிட்டேன், அவர் கேட்காமலே.

ஆனாலும் இரவு ஷிப்டில்,
கழிவுநீர் மாதிரியில் மீட்டரை முக்கிவிட்டு
எண் ஓரிடத்தில் நிற்கக் காத்திருக்கும்போது,
கையுறைக்குள்
வலது மணிக்கட்டு தானாக
அரை அங்குலம் திரும்புகிறது.