லெவல் கிராஸிங்கில், பக்கம் முப்பத்திநான்கு

மைனஸ் முப்பத்தொன்று.
தபால் பெட்டியின் பூட்டு உறைந்திருந்தது.
ஊதி ஊதித் திறந்தால்
தண்ணீர்க் கட்டணம், பீட்சா விளம்பரம்,
நடுவே
பிளாஸ்டிக் உறை மொடமொடக்க
இந்த மாதத்து இதழ்.

வீட்டுக்குப் போய்ப் பிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன்.
மூஸ் ஜாவில் எங்கிருந்து எங்கே போனாலும்
எட்டு நிமிடம்.
ஆனால் தானியக் கிடங்குப் பக்கம் கேட் இறங்கிவிட்டது.
சிவப்பு விளக்குகள் மாறி மாறிக் கண்ணடித்தன.
ஹீட்டரைக் கூட்டிவைத்து
உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன்.
பிறருக்குப் பல் செய்து பிழைக்கிறவள்
செய்யக்கூடாத காரியம்.

பக்கம் முப்பத்திநான்கு.
நோவா ஸ்கோஷியாவில் லயனல் பூத்ரோ என்றொரு
கப்பல் சமையல்காரர்
மகள் காலிசெய்துபோன அறையில்
ஒரு துறைமுகத்தை நிறுத்தியிருக்கிறார்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, அக்டோபர், புதன்கிழமை.
கிழமை எதற்கு?
வெள்ளிக்கிழமை மாண்ட்ரியால் சட்டிகளுக்கு
மீன் போய்ச் சேர வேண்டுமாம்.

கூரையெல்லாம் கடல்புறா எச்சம்:
பழைய டூத்பிரஷை வெள்ளையில் தோய்த்துத்
தெறிக்கவிட்டது.
துருவுக்கு மகள் விட்டுப்போன கண்மைப் பெட்டி.
வலை உலரும் கம்பத்தடியில் ஒரு பூனை,
எள்ளில் பாதி,
அதற்கும் ஒரு காது கிழிந்திருக்கிறது என்று
படத்தின் கீழே எழுதியிருக்கிறார்.
யார் பார்க்கப்போகிறார்கள்?
நான் பார்த்தேன்.
கண்ணாடியைக் கழற்றி, தாளை மூக்கில் ஒட்டிப் பார்த்தேன்.

ஒன்பது பெட்டிக்கு மேல் இழுக்க இடமில்லை என்று
அவர் வருத்தப்படுகிறார்.
எனக்குத் தெரியும் அந்த வருத்தம்.
ஒரு புல்வெளி ரயிலை முழுசாக,
ஒன்றுக்கு எண்பத்தேழு என்று சுருக்கினாலும்,
முப்பது மீட்டர் வரும்.
என் நிலவறையில் கிளம்பினால்
சுவரைத் துளைத்து
கிரெட்டா காஷுபாவின் ஃப்ரிட்ஜைத் தாண்டி
அவள் நாய்க்கொட்டகையில்தான் கடைசிப் பெட்டி.
அதனால் நானும் அவரைப்போலவே ஏமாற்றுகிறேன்:
பல் அச்சுக்கான மஞ்சள் மாவில் வார்த்த மலைக்குள்
ரயில் நுழையும்.
இருட்டில் இரண்டு நிமிடம் சும்மா நிற்கும்.
பிறகு வெளியே வந்தால் அது
வான்கூவர் போய் வந்த ரயில்.
வாஷிங் மெஷினுக்குப் பின்னால்
மூன்று தண்டவாளம், அவ்வளவுதான் வான்கூவர்.

பக்கத்தைத் திருப்பினேன்.
முப்பத்தாறில் அதே பிளாட்பாரம்,
அதே கடிகாரம், அதே நாலு பத்து.
சற்றுமுன் நின்றிருந்தாளே,
பச்சைக் கோட்டுக்காரி,
அவளைக் காணோம்.
பெட்டி மட்டும் இருக்கிறது.
திரும்பிப் போய்ப் பார்த்தேன்: இருக்கிறாள்.
முன்னே வந்தேன்: இல்லை.
கோந்து விட்டுப்போயிருக்கும் என்கிறது தொழில்புத்தி.
நான் ஒட்டிய கிரவுன்களும் இப்படித்தான்
யாரோ மிட்டாய் கடிக்கும்போது.
ஆனாலும் பெட்டியை விட்டுவிட்டு
ஒருத்தி எங்கே போவாள்
அந்த நேரத்தில்,
மீன் வண்டியைத் தவிர ஒன்றும் நிற்காத ஸ்டேஷனில்?

பின்னால் ஹார்ன்.
நீளமான, பிக்கப்காரனின் ஹார்ன்.

தலை நிமிர்ந்தால்
கேட் எப்போதோ தூக்கியிருந்தது.
பனித்தூள் இன்னும் தண்டவாளத்தின்மேல்
அடங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.
எத்தனை எஞ்சின், எத்தனை பெட்டி,
எந்தப் பக்கம் போனது,
ஒன்றும் தெரியாது.
பதினோரு வருஷத்தில்
எண்ணாமல் விட்ட முதல் ரயில்.

வீட்டில் சேரலாதன் சப்பாத்தி ஆறிவிட்டதென்றான்.
கேட்டில் மாட்டிக்கொண்டேன், என்றேன்.
எட்டு நிமிட ஊரில்
அவனுக்கும் வேறென்ன பேச்சு இருக்கிறது?
"என்ன ரயில், கோதுமையா, பொட்டாஷா?"

பூட்ஸைக் கழற்றிக்கொண்டே
"மீன்" என்றேன்.